இருபத்தேழாவது அட்டை

ஜூன் 10

ஸ்பீச் மேடம் ஒரு பச்சை நோட்டு குடுத்திருக்கு. எங்க வீட்டுக்காரரு தினமும் என்னென்ன வார்த்தை சொல்லுதாரு, எத்தனை தடவை சொல்லுதாருன்னு நான் அதுல குறிச்சு வைக்கணுமாம். இது அந்த நோட்டு இல்ல. இது புது வருசத்துக்கு வக்கீல் ஒருத்தர் அவருக்குக் குடுத்த டைரி. எழுதுவாரில்லாம பீரோவுல கெடந்தது. பச்சை நோட்டை மேடம் படிக்கும். இதை யாரும் படிக்க வேண்டாம்.

அவரு விழுந்தது மே மாசம் ஒன்பதாம் தேதி காலையில. குளிச்சிட்டு வந்து வேட்டி கட்டும்போது வலது கை பிடி விட்டுட்டுது, வாய் கோணிட்டுது. மூளையில இடது பக்கம் ரத்தக்குழா அடைச்சிட்டுதுன்னு சொன்னாங்க. கால் ஓரளவு வந்துட்டுது, பிடிச்சுக்கிட்டா நடக்காரு. கை வரல. பேச்சு சுத்தமா இல்ல. நாம சொல்லுதது அவருக்குப் புரியுது, திருப்பிச் சொல்ல வார்த்தை கிடைக்கல.

மேடம் பேரு ஷெரின். நாகர்கோவில் பக்கத்துப் புள்ள, எம் மக செண்பகத்தைவிட ரெண்டு வயசு சின்னதா இருக்கும். மூளையில அடிபட்டுப் பேச்சு போனவங்களைப் பத்தித்தான் பெரிய படிப்பு படிக்குதாம், ஆராய்ச்சி. "வார்த்தை எல்லாம் உள்ளதான் இருக்கும்மா. எடுக்கப் போற பாதைதான் அடைஞ்சு கெடக்கு. நாம வேற பாதை போட்டுப் பாப்போம்"னு சொல்லிச்சு. பன்னெண்டு வாரம். வாரம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும், மத்த நாள் வீட்டுல நான் பயிற்சி குடுக்கணும். மொத்தம் நாப்பது அட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒரு படம். படத்தைப் பாத்து அவரு பேரு சொல்லணும்.

அவரு கோர்ட்டுல டவாலியா இருந்தவரு. வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சுல வில்லை. வாசல்ல நின்னு கேஸ்காரங்க பேரைக் கூப்பிடுத வேலை. கூப்பிட்டாருன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்னு பெருமையாச் சொல்லுவாங்க. அந்த வாய்க்குத்தான் இப்பம் பயிற்சி.

ஷெரின் எங்கிட்ட ஒரு படிவத்தை வச்சுக்கிட்டுக் கேள்வி கேட்டுச்சு. என்ன சாப்பிடுவாரு, என்ன பேப்பர் படிப்பாரு. அப்புறம், "வீட்டுல உங்களை என்னன்னும்மா கூப்பிடுவாரு?"

"பேரைச் சொல்லித்தான்."

"பேரு?"

"மரகதவல்லி."

"நீளமா இருக்கே. மரகதம்னு சுருக்கிக்கிடுவோமா?"

"இல்ல, முழுசாத்தான் கூப்பிடுவாரு"ன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. வாய் தானாச் சொல்லிட்டுது. அந்தப் புள்ள என்னைச் செவுத்தோரம் நிக்க வச்சு போனுல படம் எடுத்துச்சு. நான் இருபத்தேழாவது அட்டை. இருபத்தாறு குடை, இருபத்தெட்டு பூட்டு.

ஜூன் 12

இட்லி மூணு. ரெண்டு வேளை மாத்திரை. வார்த்தை இல்லை.

ஜூன் 14

இன்னைக்குப் பேசிட்டாரு.

காலையில உடம்பு துடைச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். வெந்நி கொஞ்சம் சூடு கூடிட்டுது போல. துணி தோள்ல பட்டதும் சுள்ளுன்னு திரும்பினாரு, "மூதி"ன்னாரு. ஒரு கொழறல் இல்ல, திக்கல் இல்ல. கோர்ட்டு வாசல்ல நின்னு சொன்னது கணக்கா அத்தனை சுத்தம்.

மூதேவியத்தான் எங்க பக்கம் சுருக்கி மூதிம்பாங்க. எனக்கு அது புதுசில்ல.

தென்காசிக்குப் போன் போட்டு செண்பகத்துக்கிட்டச் சொன்னேன். "எம்மா, நெசமாவா! அப்பா பேசிட்டாங்களா? என்னம்மா சொன்னாங்க?"ன்னு அழுதா.

"தண்ணின்னு சொன்னாரு."

பச்சை நோட்டுல: வார்த்தை இல்லை.

ஜூன் 17

மறைச்சு என்ன பிரயோஜனம். ஆஸ்பத்திரியில வாயைத் திறந்தா அதுதான். ரத்த அழுத்தம் பாக்க வந்த நர்ஸம்மாவுக்கும் மூதி, வீல்சேர் தள்ளுன ஆளுக்கும் மூதி. "தளவாய்னு யாருங்க?"ன்னு இவரு பேரைச் சொல்லிக் கூப்பிட வந்த பொண்ணுக்கும் மூதி. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஷெரின் மட்டும் சிரிச்சுச்சு. அதுக்கு ஒரே சந்தோசம்.

"வெக்கப்படாதீங்கம்மா, இது நல்லதுதான். திட்டு, சாமி பேரு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுதது, இதெல்லாம் மூளையில வேற இடத்துல இருக்கும். பேச்சு போனாலும் அது தங்கிரும். அவரு நெனச்சுச் சொல்றதில்ல. தானா வர்றது. அதுக்கு அர்த்தம் எடுத்துக்கிடாதீங்க."

கலியாணமாகி முப்பத்து நாலு வருசமும் தானாத்தான் வந்துச்சா, அப்பமும் அடைப்பு இருந்துச்சான்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. கேக்கல. சரிம்மான்னேன்.

ஜூன் 24

மேடம் ஒரு விதி சொல்லியிருக்கு. அவரு கையைக் காட்டினதும் ஓடிப் போய் எடுத்துக் குடுக்கக்கூடாது. வார்த்தை வருதான்னு பத்து எண்ணுத வரைக்கும் பொறுக்கணும். வரலேன்னா முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் குடுக்கணும்.

காலையில செம்பைக் காட்டினாரு. நான் முன்னால போய் உக்காந்து பொறுமையா எண்ணினேன். அவரு செம்பைப் பாக்காரு, என்னைப் பாக்காரு, செம்பைப் பாக்காரு. வாழ்க்கையில எனக்காக ஒரு நிமிசம் காத்திருந்தவரு இல்ல. சோறு வைக்க லேட்டானா தட்டைத் திருப்பிக் கவுத்து வச்சிட்டு எழும்பிருவாரு.

இருபது எண்ணிட்டேன். பச்சை நோட்டுல பத்துன்னு எழுதினேன்.

ஜூலை 1

முதல் பரிட்சை. நாப்பதுல ஆறு. செருப்பு, பால், மணி, நாய், கை, சோறு.

இருபத்தேழாவது அட்டை வந்துச்சு. என் படம். நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் முழிச்சாப்புல. அவரு படத்தைப் பாத்தாரு. கண்ணுல தெளிச்சல். சட்டுன்னு, "மூதி."

ஷெரின் "பரவால்ல, பரவால்ல"ன்னுக்கிட்டே தாள்ல இன்ட்டு போட்டுச்சு.

நான் ஜன்னல் பக்கம் பாத்தேன். அந்த ஆஸ்பத்திரியில சரியான விடை தெரிஞ்ச ஆளு ரெண்டே பேருதான். ஒருத்தருக்கு வேற பேச்சு வராது. இன்னொருத்தி வாயைத் திறக்கல.

ஜூலை 5

இன்னைக்கு நடந்ததை எழுதியே ஆகணும்.

அவரு டவாலின்னு நான் ஏற்கனவே சொல்லியிருந்தேன். இன்னைக்குத்தான் ஷெரினுக்கு அது மண்டையில ஏறிச்சு போல. "எப்படிம்மா கூப்பிடுவாரு? ராகம் மாதிரி இருக்குமா?"ன்னு கேட்டுச்சு. இருக்கும். முதல் தடவை இறக்கிச் சொல்லுவாரு, ரெண்டாவது தடவை கொஞ்சம் ஏத்தி, மூணாவது தடவை இழுத்து உச்சியில கொண்டுபோய் விடுவாரு. மூணு தடவை கூப்பிட்டும் ஆள் வரலேன்னா உள்ள கிளார்க்கு "ஆஜர் இல்லை"ன்னு எழுதிருவாரு. அம்புட்டுதான், கேஸ் போச்சு.

அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சுன்னா, மேசைக்குப் பின்னால ஜட்ஜு கணக்கா நிமிந்து உக்காந்துக்கிட்டு, சாவிப் படத்தைத் தூக்கிக் காட்டி, "டவாலி! கூப்பிடு!"ன்னு ஒரு அதட்டு.

அவரு முதுகு நிமிந்துச்சு. இடது கை நெஞ்சுக்குப் போச்சு, வில்லை இருந்த எடத்துக்கு. "சாவி... சாவி... சாவீ..."

வராந்தாவுல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. ஷெரின் கண்ணுல தண்ணி. எனக்கும் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அந்தக் குரலைத்தான் கலியாணமான புதுசுல கோர்ட்டு வாசல்ல நின்னு கேட்டேன், சோறு கொண்டுபோன அன்னைக்கு. எம் புருசன் குரல்னு பக்கத்துல நின்னவகிட்டச் சொன்னேன். அன்னைக்கு அவரு கூப்பிட்டது ஏதோ ஒரு நகைத் திருடியை. எவ்வளவு அழகாக் கூப்பிட்டாரு.

ஜூலை 11

வீடு கோர்ட்டாயிட்டுது. "காப்பி... காப்பி... காப்பீ..." "சீப்பு... சீப்பு... சீப்பூ..." எதிர்வீட்டு நயினார் அண்ணாச்சி அவங்க வாசல்ல இருந்துக்கிட்டே "ஆஜர் ஐயா!"ன்னு குரல் குடுக்காரு. அவருக்கு நல்ல பொழுதுபோக்கு. இவரும் கோண வாயோட சிரிக்காரு.

அவரு கையைக் காட்டிக் காப்பி கேட்டதும் குடுத்தேன். எண்ணல.

ஆனா ஒண்ணு. அட்டையைக் காட்டினாத்தான் ராகம். எனக்கு உத்தரவு போடணும்னா பழைய வார்த்தைதான். "மூதி"ன்னுட்டுக் கையைக் காட்டுவாரு.

ஜூலை 22

நாப்பதுல இருபத்து மூணு. ஷெரினோட பெரிய சாரு போன்ல பாராட்டினாராம்.

செண்பகம் பேரு வருது. மாப்பிள்ளை பேரு வருது. ரிட்டயராகிப் போன பழைய ஜட்ஜய்யா படத்தை வச்சா, கை தானா கும்பிட எழும்புது, பேரும் வருது. இருபத்தேழு மட்டும் இன்ட்டு. முதல்ல மூதின்னாரு. "அது இல்ல ஐயா, பேரு, பேரு"ன்னு மேடம் சொல்லிச்சு. அவரு வாயைத் திறந்தாரு, மூடினாரு. உதடு துடிக்குது. நெத்தியில வேர்வை முத்து முத்தா. இடது கையால தலையில படார்னு அடிச்சுக்கிட்டாரு.

"இது ரொம்ப ஆச்சரியமா இருக்கும்மா"ன்னு ஷெரின் வெளிய கூட்டிட்டு வந்து சொல்லிச்சு. "தினமும் ஆயிரம் தடவை சொன்ன பேரு. அதுதான முதல்ல வரணும்? அது மட்டும் எப்படிப் போச்சு? நான் இதைத் தனியா எழுதப் போறேன். எங்க சாரும் எழுதச் சொல்லுதாரு."

எழுதுங்கன்னேன்.

அவரு வேர்க்கிறதை நான் பாத்துக்கிட்டு நின்னேன். பாக்க நல்லா இருந்துச்சு. எழுதிட்டேன், அழிக்க மாட்டேன்.

ஜூலை 23

அவரை உக்கார வச்சுத் தலைக்கு எண்ணெய் தேச்சேன். நேத்து அடிச்சுக்கிட்ட எடம் லேசா வீங்கியிருக்கு.

ஜூலை 29

எம்பேரு ரேசன் கார்டுல இருக்கு. ஓட்டர் லிஸ்டுல இருக்கு. எங்கம்மா மரகதம்னு கூப்பிடுவா, அவ போய்ப் பதினோரு வருசம். அதுக்கப்புறம் எம்பேரை நான் காதால கேட்டது ஆஸ்பத்திரி டோக்கன் சீட்டு கூப்பிடும்போதுதான்.

செண்பகத்தைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, மாப்பிள்ளையோட அப்பா பேச்சுவாக்குல "சம்பந்தியம்மா பேரு என்ன?"ன்னு கேட்டாரு. இவரு யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு. அப்புறம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "ஏ மூதி, இங்க வா. ஒம் பேரைக் கேக்காங்க, சொல்லு." எல்லாரும் சிரிச்சாங்க. நான் காப்பித் தட்டோட வந்து நின்னு எம்பேரைச் சொன்னேன். நானும் சிரிச்சேன்.

நானும் அவரு பேரைச் சொன்னதில்லதான். டோக்கன் எழுதுதவங்க கேட்டா சீட்டைத்தான் நீட்டுவேன். நான் சொல்லாதது மரியாதை. அவரு சொல்லாததுக்கு என்ன பேராம்?

கோர்ட்டுல முப்பத்தஞ்சு வருசத்துல எத்தனை ஆயிரம் பேரு! திருடன், குடிகாரன், வரப்புத் தகராறு, ஜீவனாம்சம் கேட்டு வந்தவ. எல்லாரையும் முழுப் பேரு சொல்லி மூணு மூணு தடவை கூப்பிட்ட வாய் அது. ஒரு தடவை எம்பேரு அதுல வரணும். ஒரே ஒரு தடவை. அதுக்குத்தான் இந்தப் பன்னெண்டு வாரமும் பஸ் ஏறி எறங்குதேன். வேற எதுக்குன்னு நெனச்சீங்க.

ஆகஸ்ட் 5

செண்பகம் லீவு போட்டு வந்திருந்தா. கூடவே ஆஸ்பத்திரிக்கும் வந்தா. நான் வேண்டாம்னேன், கேக்கல.

அப்பா ஒவ்வொரு அட்டையா கூப்பிடக் கூப்பிட அவ கை தட்டினா. இருபத்தேழு வந்துச்சு. "மூதி." இன்ட்டு.

ஷெரின் அவகிட்ட வருத்தமாச் சொல்லிச்சு: "இது ஒண்ணுதான் மேடம் பிடி குடுக்க மாட்டேங்குது. அம்மா பேரை இத்தனை வருசம் கூப்பிட்டிருக்காரு..."

செண்பகம் என்னைப் பாத்தா. நான் கண்ணைக் காட்டினேன். அவளுக்கு அது புரியல, இல்ல புரிஞ்சும் சொன்னாளோ. "அப்பா அம்மாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே மேடம்."

"அப்பம் என்னன்னு கூப்பிடுவாரு?"

செண்பகம் அவ கைப்பையோட ஜிப்பை இழுத்து இழுத்து மூடினா. அவரு என் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கேள்வி அவருக்கும் புரிஞ்சிருக்கும் போல. உதவி செய்யுத மாதிரி, அட்டையை இடது கை விரலால தட்டி இன்னொரு தடவை சொன்னாரு.

"மூதி."

ஷெரின் மொகம் மாறிச்சு. பழைய தாளை எல்லாம் ஒவ்வொண்ணாத் திருப்பிச்சு. வாரத்துக்கு ரெண்டு இன்ட்டு, எல்லாம் செவப்பு மையில. அப்புறம் என்கிட்ட, குரலே எழும்பாம, "ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்னீங்க? இல்லாத ஒண்ணை அவரு மூளைக்குள்ள தேடிக்கிட்டு இருந்திருக்கேன். சாருகிட்டல்லாம் சொல்லிட்டேன். எழுத ஆரம்பிச்சுட்டேன்."

"வேற என்னத்தம்மா சொல்லச் சொல்லுதீங்க? படிவத்துல எழுதுத வார்த்தையா அது?"

அந்தப் புள்ள மறுபடி தாளைப் பாத்துச்சு. பேனாவைக் கையில எடுத்துச்சு. "முறையாப் பாத்தா... அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. எல்லாத்தையும் திருத்தி ரைட்டு போடணும்மா."

"போடாதீங்க."

"அம்மா..."

"நீங்க ரைட்டு போட்டா அது எம்பேருன்னு ஆயிரும். போடாதீங்க."

போடல. அந்த அட்டையை எடுத்திருவோமான்னு கேட்டுச்சு. இருக்கட்டும்னேன்.

ஆகஸ்ட் 6

பஸ் ஏறுததுக்கு முன்னால செண்பகம் சொல்லுதா: "அப்பா பாசத்துலதாம்மா அப்படிச் சொல்லுவாங்க. நம்ம பக்கத்துல எல்லா ஆம்பளையும் சொல்லுததுதான. நீ பெருசு பண்ணாத."

"ஏட்டி, ஒன்ன ஒம் மாப்பிள்ளை அப்படிக் கூப்பிடுதாரா?"

"அவரு ஏம்மா அப்படிக் கூப்பிடப் போறாரு?"

அவளே நாக்கைக் கடிச்சுக்கிட்டா. பஸ் வந்துட்டுது.

ஆகஸ்ட் 12

ஷெரின் புதுசா ஆரம்பிச்சிருக்கு. "இது இனி மீட்கிற வேலை இல்லம்மா, கத்துக் குடுக்கிற வேலை. தெரியாத பாஷையில ஒரு வார்த்தை படிக்கிற மாதிரி. கஷ்டம். ஆனா பாப்போம்." என் மேல உள்ள கோவம் போயிட்டுது போல. இல்ல பாவம்னு நெனைக்குதோ. எனக்குக் கோவமே தேவலை.

இடது கையால மேசையைத் தட்டிக்கிட்டே. ம. ர. க. த. வல். லி. ஆறு தட்டு. வீட்டுலயும் உள்ளறையில வச்சு, மெதுவா, காலையில இருபது, சாயங்காலம் இருபது.

எம்பேரை நானே நாப்பது தடவை எடுத்துக் குடுக்கேன். இருக்கிற வெக்கம் எல்லாம் போயிட்டுது.

ஆகஸ்ட் 19

"மரக" வரைக்கும் வருது.

ஆகஸ்ட் 20

மழை. துணி காயல. "மரக."

ஆகஸ்ட் 26

அவரு கஷ்டப்படாம இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் இருபது முடிஞ்ச பிறகும் தட்டிக்கிட்டே இருந்தாரு. போதும்னேன். விடல. "மரகத... மரகத..." விரல் சிவந்துட்டுது. ஏன் இவ்வளவு பாடுபடுதாருன்னு யோசிச்சேன். எனக்காகன்னு மனசு சொல்லுது. அப்படியெல்லாம் இருக்காது, பரிட்சையில தோக்கப் பிடிக்கல, ஜட்ஜு முன்னால டவாலி தப்பாக் கூப்பிட்டா மானக்கேடுல்லா. ஆனா மனசு சொல்லிக்கிட்டே இருக்கு. அதை என்ன செய்ய?

ராத்திரிக்கு அவருக்குப் பிடிச்ச சொதி வச்சேன்.

ஆகஸ்ட் 30

கடைசிப் பரிட்சை. ஷெரினோட பெரிய சாரு வந்திருந்தாரு, கூட ஏழெட்டுப் படிக்கிற புள்ளைங்க. நான் நீலப் பட்டுச்சேலை கட்டிட்டுப் போனேன். எதுக்குன்னு அவரும் கேக்க முடியாது.

இருபத்தாறு, குடை. ரைட்டு. இருபத்தேழு.

அவரு அட்டையைப் பாத்தாரு. கை நெஞ்சுக்குப் போச்சு.

"மரகதவல்லி... மரகதவல்லி... மரகதவல்லீ..."

ஒரு எழுத்து சிந்தல. பெரிய சாரு எழும்பி நின்னு கை தட்டினாரு. ஷெரின் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுச்சு. அழுதேன். முப்பத்து நாலு வருசத்துக்கும் சேத்து அழுதேன். நாப்பதுல முப்பத்தொண்ணு.

அவரு என்னைத் திரும்பிப் பாக்கல. மூணு தடவையும் பாத்தது அட்டையை. முடிஞ்சதும் பாத்தது பெரிய சாரை.

ஆட்டோவுல வரும்போது கேட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "இன்னொரு தடவை சொல்லுங்க. என்னைப் பாத்து."

என்னைப் பாத்தாரு. நல்லாவே பாத்தாரு.

"மூதி"ன்னாரு.

செப்டம்பர் 1

ஷெரின்கிட்டப் போன்ல கேட்டேன். "அட்டையைப் பாத்துச் சொல்றது வேற, வீட்டுல ஆளைப் பாத்துச் சொல்றது வேறம்மா. சிலருக்கு அந்தப் பாலம் வர ரொம்ப நாளாகும். சிலருக்கு வராமலே போயிரும். அவரு மேல தப்பு இல்ல"ன்னு சொல்லிச்சு.

யாரு மேலயும் தப்பு இல்ல. அது எனக்குத் தெரியும். அந்தப் புள்ள மூணு மாசமா அதைத்தான் சொல்லுது.

செப்டம்பர் 3

"மூதி, தண்ணி."

ரெண்டு வார்த்தை சேந்து இப்பதான் முதல் தடவை. அட்டை இல்லாம, யாரும் எடுத்துக் குடுக்காம. பச்சை நோட்டுல உள்ளபடி எழுதினேன், முழுசா. ஷெரின் துள்ளும். துள்ளிட்டு, அப்புறம் முதல் வார்த்தையைப் பாத்து நிக்கும்.

தண்ணி குடுத்தேன். குடிச்சு முடிச்ச பிறகு முன்னால உக்காந்து சொன்னேன். "இன்னையோட சரி. இனி எம்பேரைச் சொன்னாத்தான் வருவேன். ஒங்களுக்கு அந்தப் பேரு வரும். நான் காதால கேட்டாச்சு. மூதின்னா வர மாட்டேன், புரியுதா?"

புரிஞ்சுது. தலையாட்டினாரு.

செப்டம்பர் 4

காலையில மூதி மூணு தடவை. போகல. சுவரைத் தட்டினாரு, போனேன். சாயங்காலமும் அப்படியே.

செப்டம்பர் 6

மத்தியானம் அடுப்பங்கரையில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். "மூதி"ன்னு கூப்பிட்டாரு. இருந்த எடத்துல இருந்தேன். இன்னொரு தடவை. சுவரைத் தட்டுத சத்தம். நான் கீரையை விடல.

அதுக்கப்புறம் கேட்டுச்சு. "மரகதவல்லி..."

கை நின்னுட்டுது. அட்டை இல்ல, மேடம் இல்ல, பெரிய சாரு இல்ல. நான் வேணும்னு எம்பேரைச் சொல்லிக் கூப்பிடுதாரு. எழும்பினேன். நெசமா எழும்பினேன், மடியில இருந்த கீரை எல்லாம் தரையில.

"மரகதவல்லி..." ரெண்டாவது. ஏத்தி. அதே ஏத்தம். நகைத் திருடிக்குப் போட்ட ஏத்தம். எம் மனசு அந்த எடத்துல அப்படியே உக்காந்துட்டுது. அது கட்டினவளைக் கூப்பிடுத குரல் இல்ல. ஆளு வந்திருக்காளா, இல்லையான்னு பாக்குத குரல். இதுக்கா காத்துக்கிடந்தேன்? இவ்வளவுதானா?

"மரகதவல்லீ..."

மூணாவது முடியவும் எதிர்வீட்டு வாசல்ல இருந்து நயினார் அண்ணாச்சி குரல் குடுத்தாரு. இருபத்தொரு வருசமா எதிர்வீடு. எங்கிட்ட மோர் வாங்கிக் குடிக்காத நாள் இல்ல. "மைனி! யாரையோ கூப்பிடுதாரே. யாரு மைனி அது மரகதவல்லி? பழைய கேஸ்காரி எவளாச்சுமா?"

ஜன்னல் வழியா அவரைப் பாத்தேன். வெள்ளந்தியாத்தான் கேக்காரு.

"ஆமா அண்ணாச்சி, கோர்ட்டு நெனப்பு. அப்படி இங்க யாரும் இல்ல"ன்னேன்.

உள்ள அவரு காத்துக்கிட்டு இருந்தாரு. டவாலி மூணு தடவைக்கு மேல கூப்பிட மாட்டாரு. நான் தரையில உக்காந்து கீரையைப் பொறுக்கி ஆய்ஞ்சு முடிச்சேன். கழுவினேன். உலையில போட்டேன். அதுக்கப்புறம் போனேன். வேட்டியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காரு. என் மொகத்தைப் பாக்கல. மாத்திவிட்டேன், துடைச்சு விட்டேன், பவுடர் போட்டு விட்டேன். அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்குக் கலங்கல.

பச்சை நோட்டுல இன்னைக்கு எழுதினது:

மரகதவல்லி. மூணு தடவை, தெளிவா, அட்டை இல்லாம.

ஆஜர் இல்லை.